உப்பளக் கரைக்கு ஏற்ற ஒரே வில்லை

‘விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்’ என்பர் நம் பெரியோர். புகைப்படக் கருவிக்கு வில்லை வாங்குவதற்கும் இப்பழமொழி பொருந்தும். விடுமுறையில் ஆரோவில், மரக்காணம் பக்கம் படமெடுக்கச் செல்லும் நண்பர்கள், “எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் போதுமா? எதை வாங்கலாம்?” என்று என்னைக் கேட்பதுண்டு. இயற்பியல் மாணவன் என்ற முறையிலும், அவ்வூர்க்காரன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வளர்ந்த வரலாறு

குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ளும் வில்லையே ஜூம் லென்ஸ். புகைப்படக் கருவிக்கென 1959 இல் வெளிவந்த ‘ஜூமார்’ 36 முதல் 82 மி.மீ. வரையே சென்றது. 1992 இல் ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் 28-200 மி.மீ. வில்லையைக் கொண்டுவந்தது. பயணிகளின் ‘ஒரே வில்லை’ என்ற எண்ணம் அதன்பின் பரவியது. 2005 இல் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் 18-200 மி.மீ. வில்லையை நிக்கான் வெளியிட்டது. 2017 இல் டாம்ரானின் 18-400 மி.மீ. வந்தது.

எவ்வளவு தூரம் தேவை?

பொருளின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கிப் பொருளின் தொலைவால் வகுத்தால், பிம்பத்தின் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். கழுவேலி நீர்நிலையை எடுத்துக்கொள்வோம். அது 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை 50 மீட்டர் தொலைவில் நின்றால், 55 மி.மீ. வில்லையில் அதன் பிம்பம் 1.1 மி.மீ. மட்டுமே, 200 மி.மீ. வில்லையில் 4 மி.மீ. நம் போன்றோர் வைத்திருக்கும் கருவிகளில் ஒளி உணரியின் உயரம் சுமார் 15.6 மி.மீ. எனவே நாரை படத்தில் கால் பங்கு உயரம் நிற்கும். அது போதுமானது.

இனி மாத்ரிமந்திர். 1971 இல் அடிக்கல் நாட்டி 2008 இல் நிறைவுற்ற அக்கோளம் சுமார் 36 மீட்டர் அகலமுடையது. 300 மீட்டர் தொலைவிலிருந்து 135 மி.மீ. வில்லையில் பார்த்தால் படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது நிரப்பும். உப்புப் பாத்திகளின் பரப்பு முழுவதையும் காட்டவோ 18 மி.மீ. வேண்டும். ஆகவே 18-200 மி.மீ. என்ற எல்லைக்குள் நம் தேவை அடங்கிவிடுகிறது. 400 மி.மீ. வாங்கினாலும், நண்பகலில் பாத்திகளின் மேல் எழும் வெப்பக்காற்றின் அலைவில் தொலைவுப் படங்கள் தெளிவிழக்கும். பணம் செலவழித்து அதை வெல்ல முடியாது. விடியற்காலையில் செல்வதே வழி.

ஒளியும் உப்பும்

இவ்வகை வில்லையின் பெருங்குறை ஒளி. நீண்ட முனையில் துளை எண் 6.3 ஆகிவிடும். 3.5 துளையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியே உட்புகும். ஆனால் உப்பளத்தில் ஒளிக்குப் பஞ்சமில்லை. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 வைத்தாலும் 1/640 நொடி வேகம் கிடைக்கும். மாறாக, வெண்மையைக் கண்டு கருவி ஏமாந்து உப்பைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒரு படி ஒளியைக் கூட்டி எடுக்க வேண்டும். மாத்ரிமந்திரின் உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை; ஆதலால் அங்கும் இக்குறை உறுத்தாது. மாலை மங்கிய பின்னும் கூடங்களுக்குள்ளும்தான் இவ்வில்லை தடுமாறும்.

இதன் பெரும் பயன், வில்லையைக் கழற்றி மாற்ற வேண்டாம் என்பது. கடற்காற்றில் கருவியைத் திறந்தால் உப்புத் துளியும் மணலும் உள்ளே புகும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை ஈர்த்துக் கசியும். உலோக இணைப்புகளை அரிக்கும். எனினும் ஜூம் குழல் நீளும்போது காற்றை உள்ளிழுக்கும் என்பதை மறக்கலாகாது. பொருத்துமிடத்தில் ரப்பர் வளையம் உள்ள வில்லையே நலம். துடைக்குமுன் ஊதித் தூசியை அகற்றுக. மணல் கண்ணாடியைக் கீறும்.

புதிது வாங்க வசதியில்லாதோர் பழையதை வாங்கலாம். டார்ச் ஒளியில் உள்ளே பூஞ்சை உள்ளதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் குழல் தானே சரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அருகே செல்வோம்

ஒன்று கூறி முடிக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் உப்பளத்து வேலைக்குச் செல்பவர்கள். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். தொலைவில் வரப்பில் நின்று தங்களைப் படமெடுப்பவர்களை அவர்கள் கவனிக்காமல் இல்லை. “என்னத்துக்குப்பா எடுக்கறாங்க? கேட்டா நாங்க வேணாம்னா சொல்லப்போறோம்?” என்பார் அம்மா. நாரைக்கு அருகே சென்றால் அது பறந்துவிடும். அதற்கு 200 மி.மீ. தேவை. மனிதர்களிடம் அருகே சென்று, பெயர் கேட்டு, அனுமதி பெற்று, 35 மி.மீ.இல் எடுக்கலாம். அப்போதுதான் பலகை பிடித்த கையின் வெடிப்பும், முகத்தின் சிரிப்பும் ஒருங்கே படத்தில் விழும். ஒரே வில்லையில் இரண்டும் உண்டு. எதை எப்போது திருப்புவது என்பது நம் கையில் உள்ளது.