எப்போது கல்யாணம்? கேட்பது தப்பில்லை

(இளைஞர் பண்பாட்டு வகுப்பு: கலந்துரையாடல் பாடம்)



போன வருஷம் ஸ்கூடாயில் ஒரு மாமாக் கடையில் நடந்ததிலிருந்து இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனும் அக்காவும் ஏழு வருஷமாகப் பழகுகிறார்கள். அண்ணன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். கல்யாணப் பேச்சு எடுத்தாலே, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். அன்று அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் கேட்டா அவர நெருக்குற மாதிரி ஆயிடுமா? கேக்காம இருந்தா என்னை நானே ஏமாத்திக்கிறேனா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார். "கல்யாணம் பண்ணிக்கணுமான்னே எனக்கு இன்னும் தெரியலடா" என்று. ஆனால் நான் அக்காவிடம், "ஒண்ணும் சொல்லலக்கா, பொறுமையா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். நண்பனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது நம் பழைய நூல்கள்தான்.

1. சங்க இலக்கியத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது

"காதல், டேட்டிங் எல்லாம் நம்ம கலாச்சாரம் இல்ல" என்று சிலர் சொல்வார்கள். தொல்காப்பியம் காதல் வாழ்க்கையைக் களவு, கற்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. ஊருக்குத் தெரியாமல் பழகுவது களவு. எல்லோரும் அறிய மணம் செய்து வாழ்வது கற்பு. களவு ஒரு கட்டம்தான். அதிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நம் முன்னோர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள்.

தலைவன் பழகிக்கொண்டே இருப்பான், மணப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டான். அப்போது தோழி நேராகப் போய் அவனிடம் கேட்பாள். இதற்குப் பெயர் வரைவு கடாதல். வரைவு என்றால் திருமணம், கடாதல் என்றால் வற்புறுத்திக் கேட்டல். அகப்பாடல்களில் இந்தத் துறையில் அமைந்தவை ஏராளம். "ஊர் பேசத் தொடங்கிவிட்டது", "வீட்டில் காவல் வைத்துவிட்டார்கள்", "வேறு இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள்" என்று நிலைமையை மறைக்காமல் எடுத்துச் சொல்வாள். சில சமயம், "இனிமேல் இரவிலும் வராதே, பகலிலும் வராதே" என்று சந்திப்பையே மறுப்பாள்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் அடுத்த படி அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் தெரிவிப்பாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இப்படித் தோழி செவிலியிடம் பேசுவதாகவே அமைந்தது. ரகசியத்தை உடைப்பதற்கு "அறத்தோடு நிற்பது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

2. சாட்சி ஏன் வேண்டும்?

குறுந்தொகை 25ஆம் பாட்டும் கபிலர் பாடியதுதான். அதில் தலைவியின் பயம் ரொம்ப எளிமையானது. அன்று அவன் வாக்குக் கொடுத்தபோது அங்கே வேறு யாரும் இல்லை, மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும்தான் இருந்தது. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். இன்று குருகுக்குப் பதில் வாட்சாப் மெசேஜ் இருக்கிறது. பயம் அதேதான்.

அகநானூறு 256ஆம் பாட்டு கள்ளூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறது. ஒரு பெண்ணோடு பழகியவன் ஊர் அவையில் வந்து, "இவளை எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்தான். அவையினர் சாட்சிகளை விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்து, அவனை மரத்தில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டினார்கள். இன்று யாரையும் அப்படிக் கட்டி வைக்கக் கூடாது. ஆனால் ஊர் யார் பக்கம் நின்றது என்பதைக் கவனியுங்கள்.

திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணமும் இதுதான்: பொய்யும் தவறும் தோன்றிய பிறகு பெரியோர்கள் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறார். அக்னியும் உறவும் ஊரும் சுற்றி இருக்கத் தாலி கட்டுவது வெறும் போட்டோவுக்காக இல்லை. இருவருக்குள் மட்டும் இருந்த வாக்கை நாலு பேர் அறியக் கொடுப்பதற்காகத்தான்.

3. சிவபெருமான் யாருக்கு நண்பர்?

சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். இறைவனே அவருக்கு நண்பர். திருவொற்றியூரில் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு விரும்பி, "எனக்கு மணம் முடித்துத் தாரும்" என்று சிவனிடமே கேட்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் தோன்றிச் சொன்னபோது அவர் உடனே தலையாட்டவில்லை. திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் ஆயிற்றே என்று தன் சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்கிறார். "உன்னைப் பிரியேன் என்று அவன் சத்தியம் செய்து தருவான்" என்கிறார் இறைவன்.

சுந்தரர் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார். "நான் சந்நிதிக்கு வந்து சத்தியம் செய்யும்போது, நீங்கள் அங்கே இருக்காமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று நண்பரிடம் கேட்டுக்கொள்கிறார். சிவன் சரி என்கிறார். ஆனால் சங்கிலியாரிடம் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல்" என்றும் சொல்லிவிடுகிறார். மறுநாள், "சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் செய்தால் போதும்" என்று சொன்னவர்கள் சங்கிலியாரின் தோழியர். சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைவு வந்து கிளம்பினார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் பார்வை இழந்தன. பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

எனக்குப் பட்டது இதுதான். சிவன் சுந்தரரைக் கைவிடவில்லை. கேட்டபடியே மரத்தடிக்குப் போனார். ஆனால் நண்பனுடைய ஏமாற்றுக்குத் துணை போகவில்லை. மாமாக் கடையில் நான் நண்பனுக்குச் செய்ததாக நினைத்த உதவியை, இறைவன் தன் தோழருக்குச் செய்யவில்லை.

4. தாமதம் எல்லாம் ஏமாற்று இல்லை

நியாயமும் பேச வேண்டும். கல்யாணத்துக்குப் பொருள் தேடத் தலைவன் பிரிந்து போவதையும் அகத்துறையில் ஒத்துக்கொள்கிறார்கள். இன்றைய சிங்கப்பூர் வேலை மாதிரிதான். தயங்குபவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு: பிடிபிடிஎன் கடன், கல்யாணமாகாத அக்கா, ஜாதி பார்க்கும் பெற்றோர், அப்பா அம்மா பிரிந்ததைப் பார்த்து வளர்ந்த பயம். தயங்குவது எப்போதும் ஆண்தான் என்றும் இல்லை. படிப்பு, வேலை, மாமியார் வீட்டைப் பற்றிய யோசனையில் நிறையப் பெண்களும் தயங்குகிறார்கள்.

அப்படியானால் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பாடல்களில் பிரிந்து போகும் தலைவன் திரும்பி வரும் பருவத்தைச் சொல்லிவிட்டுப் போவான். குறிஞ்சி நிலத்தில் வேங்கை பூப்பது மணக்காலத்துக்கு அடையாளம். அதாவது, காத்திருப்புக்கு ஓர் எல்லை இருந்தது. எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட்டிலும் அப்படித்தான். வேலை தாமதமானால் லெக்சரர் மன்னிப்பார். தேதியே போடாமல் போனால், "உன்னிடம் திட்டமே இல்லை" என்பார். "ரெண்டு வருஷத்துல கடன முடிச்சிட்டு, அடுத்த தை மாசம் வீட்ல பேசுறேன்" என்பது தாமதம். "பாக்கலாம்" என்பது தட்டிக்கழிப்பு.

5. காத்திருப்பவர் என்ன செய்யலாம்?

முதலில், ஒருமுறை நேராகக் கேளுங்கள். சண்டையின் நடுவில் வேண்டாம், மெசேஜிலும் வேண்டாம். "எப்போ கல்யாணம்?" என்பதற்கு முன்னால், "உனக்குக் கல்யாணத்துல என்ன பயம்?" என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு காலத்தைச் சேர்ந்து குறியுங்கள். அதற்குள் நடக்க வேண்டிய சின்ன வேலைகளையும் பேசுங்கள்: ஒரு சேமிப்புக் கணக்கு, வீட்டில் அறிமுகம், பெரியவர்கள் சந்திப்பு.

மூன்றாவது, தனியாகச் சுமக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு தோழியோ அத்தையோ அக்காவோ அறிந்திருக்கட்டும். மனம் ரொம்ப உடைந்தால் ஆலோசகரிடம் பேசுவது வெட்கம் இல்லை.

நான்காவது, மிரட்டாதீர்கள். "செத்துருவேன்" என்று சொல்லி வாங்கும் தாலி நிற்காது. நம் நாட்டுச் சட்டமும் இருவரும் மனதார சம்மதிக்க வேண்டும் என்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்தான் நமக்குப் பொருந்துவது. அதன்படி, 21 வயதுக்குள் இருந்தால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். கோயிலில் தாலி கட்டினாலும் பதிவு செய்ய வேண்டும். "கோயில்ல சும்மா தாலி கட்டிக்கலாம், பதிவு அப்புறம் பாக்கலாம்" என்று யாராவது சமாதானம் சொன்னால் யோசியுங்கள். பிரச்சினை வரும்போது, கல்யாணம் நடந்ததையே நிரூபிக்க வேண்டிய நிலைமை உங்களுக்கு வரலாம்.

ஐந்தாவது, "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். வலிக்கும். ஆனால் முப்பது வயதில் கிடைக்கும் "இல்லை"யைவிட இருபத்தைந்தில் கிடைப்பது மேல். அந்த ஏழு வருஷம் வீண் என்று நினைக்க வேண்டாம், எட்டாவது வருஷத்தை அதற்காகப் பணயம் வைக்கவும் வேண்டாம்.

6. நண்பர்களுக்கு

தயங்குபவரின் நண்பர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கதைகளைப் படித்த பிறகு நான் அந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். "அண்ணே, நீங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அக்கா மறுபடி கேட்டா இனிமே பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குள்ள நீங்களே பேசிடுங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவே இல்லை. பிறகு அக்காவிடம் பேசினார். என்ன முடிவு எடுத்தார்கள் என்பது அவர்கள் விஷயம், அதை இங்கே எழுதமாட்டேன். அக்காவுக்கு ஒரு பதில் கிடைத்தது. அதை மட்டும் சொல்லலாம்.

கலந்துரையாட:

1. சுந்தரரின் நண்பராக நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
2. நண்பர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்பதற்கும் அவருக்காகப் பொய் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்?
3. நம் வீடுகளில் எந்தக் காரணங்களால் பிள்ளைகள் காதலைச் சொல்லப் பயப்படுகிறார்கள்? பெற்றோரிடம் நாம் எப்படிப் பேச ஆரம்பிக்கலாம்?
4. நீங்கள் யாரையாவது "பாக்கலாம்" என்று காத்திருக்க வைத்திருக்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய், சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.