இறக்கத்தை அளக்கும் கோல்

ஏறிய வேகம் ஒருநாள் இறங்கியே தீரும். அவ்விறக்கத்தை எக்கோலால் அளப்பது?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் கார்ப் பந்தயத் தடம் உள்ளது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையே களம். இத்தடத்தில் பழகிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயரின் உறுதி பற்றிய ஐயத்தால் 14 கார்கள் விலகின; எஞ்சிய ஆறில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

2012-இல் ஆஸ்திரேலியாவிலோ போட்டியிடவே தகுதி கிட்டவில்லை. தகுதிச் சுற்றில் முந்தியவரின் நேரம் 100 வினாடி எனில், 107-க்குள் ஓட்டுதல் விதி. அவருடைய அணியின் இரு கார்களுமே அவ்வெல்லையைத் தாண்டின. இரு ஓட்டுநரின் திறனும் ஒருசேரக் குன்றுமோ? குன்றியது வண்டியின் திறனே. 2019-இல், தம் 42-ஆம் வயதில், ஜப்பானின் ஃபியூஜி தடத்தில் அவர் வென்றதும் இதற்குச் சான்று.

அவர் திறந்த வழியில் 2010-இல் சென்னையின் கருண் சந்தோக்கும் சென்றார். அதுவே நிலைத்த புகழ்.

குடும்பத்தில் முதல்வராய்க் கல்லூரி வாசலை மிதித்த நம்மில் பலர்க்கும் இதில் பாடமுண்டு. முடிவை மட்டும் நோக்கி ஒருவரை எடைபோடுமுன், அவர் கைக்குக் கிட்டிய கருவி யாது என்றும் கேட்போமாக!