ஒரே பெயர், வேறு குறிகள்: கணிப்பொறி உள்நுழைவும் இந்திய எழுத்துகளும்

அரசின் உதவித்திட்டங்களும் சான்றிதழ்களும் கணிப்பொறியின் வாயிலாக வழங்கப்படும் இந்நாளில், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அலுவலகத்தின் வாயிற்கதவாக அமைந்துள்ளன. அக்கதவு திறக்காதபோது, 'தவறாகத் தட்டச்சு செய்துள்ளீர்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் இந்திய மொழிகளில் எழுதப்பட்ட பெயர்களைப் பொறுத்தவரை, தவறு எழுதியவரிடம் இல்லாமல், எழுத்தைக் கணிப்பொறி சேமித்துள்ள முறையில் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறிதல் மாணவர்க்கும் அலுவலர்க்கும் இன்றியமையாதது.

கல்லாறும் பொன்முடியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையிலிருந்து பொன்முடி செல்லும் மலைச்சாலையில் கல்லாறு என்னும் சிற்றூர் உள்ளது. அதே பெயருடைய ஆற்றின் கரையில் அமைந்த ஊர் இது. தமிழும் மலையாளமும் வழங்கும் இம்மாவட்டத்தில், இவ்வூரின் பெயர் இரு எழுத்துமுறைகளிலும் எழுதப்படுகிறது. நமது பாடத்திற்கு இப்பெயரே போதிய சான்றாகும்.

தமிழில் 'கல்லாறு' என்பதைப் படிப்பவர் க, ல், லா, று என நான்கு எழுத்துகளாகக் காண்பார். உலகப் பொதுக் குறியேற்றமான யுனிகோடு முறையில் அது க, ல, புள்ளி, ல, கால், ற, உகரக்குறி என 7 குறிகளாகும். இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், அது 21 பைட்டுகளாகிறது. ஆகவே 'கடவுச்சொல் 8 எழுத்துகளுக்குக் குறையலாகாது' என்று ஒரு திட்டம் விதித்தால், அது எதனை எண்ணுகிறது என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும்.

மலையாளத்தில் இவ்வூர்ப்பெயர் 'கல்லார்' என முடிகிறது. இறுதியிலுள்ள ரகர ஒற்று, சில்லு எனப்படும் தனி வடிவம் பெறும். 2008ஆம் ஆண்டுக்கு முன்னர், ரகரம், ஒற்றுக்குறி, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்தே சில்லு எழுதப்பட்டது. அவ்வாண்டில் வெளிவந்த யுனிகோடு 5.1 பதிப்பு, 6 சில்லுகளுக்குத் தனிக் குறிகளை வழங்கியது. இதன் விளைவாக, பழைய முறையில் இப்பெயர் 8 குறிகளாகவும், புதிய முறையில் 6 குறிகளாகவும் அமையும். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கணிப்பொறிக்கோ அவை இரு வேறு பெயர்கள்.

பொன்முடி மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. 'பொ' என்னும் எழுத்தைப் பகரத்துடன் ஒகரக்குறி ஒன்றையே சேர்த்து எழுதலாம். அல்லது பகரம், கொம்பு, கால் என மூன்று குறிகளாகவும் எழுதலாம். முதல் முறையில் 'பொன்முடி' 8 குறிகள். இரண்டாம் முறையில் 9 குறிகள். இவ்விரண்டையும் யுனிகோடு இணையானவையாக அறிவித்துள்ளது. 'இயல்பாக்கம்' எனப்படும் வழிமுறையை மென்பொருள் பயன்படுத்தினால் இரண்டும் ஒரே வடிவத்திற்கு வந்துவிடும். ஆனால் மலையாளச் சில்லின் பழைய, புதிய வடிவங்கள் அவ்வாறு இணையாக அறிவிக்கப்படவில்லை. எனவே இயல்பாக்கம் அங்குப் பயன்படாது. தனி மாற்று அட்டவணை வேண்டும். தமிழில் 'ஸ்ரீ' என்பதும் இவ்வகையினதே. 2005ஆம் ஆண்டின் 4.1 பதிப்பில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின்னர், அவ்வெழுத்தை முதலாகக் கொண்டும், 'ஸ'கரத்தை முதலாகக் கொண்டும் இதனை எழுதும் நிலை ஏற்பட்டுள்ளது.

விசைப்பலகையின் பங்கு

இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை 1980களில் மத்திய அரசின் மின்னணுத் துறையால் உருவாக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டின் ஐ.எஸ். 13194 என்னும் இந்தியத் தரநிலையில் அது இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இவையன்றி, ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைப் பெறும் முறையும் பரவலாக உள்ளது.

'கல்லாறு' என எழுத இன்ஸ்கிரிப்ட் முறையில் 7 விசைகளை அழுத்த வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானே அமையும் தமிழ்99 முறையில் 6 விசைகள் போதும். ஒலிபெயர்ப்பு முறையில் பொதுவாக 8 விசைகள் வேண்டும். கிடைக்கும் சொல் ஒன்றே. கைவிரல் செல்லும் வழி வேறு. கடவுச்சொற்பெட்டியில் எழுத்துகள் மறைக்கப்படுவதால், எந்த விசைப்பலகை இயங்குகிறது என்பதைப் பயனர் அறிய இயலாது. தன் ஊரில் ஒரு முறையில் பழகியவர் வேறோர் அலுவலகக் கணிப்பொறியில் தடுமாறுவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

கடவுச்சொல் ஏன் சிறு பிழையையும் பொறுப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. முறையாக அமைக்கப்பட்ட திட்டத்தில் கடவுச்சொல் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணித முறையில் பெறப்பட்ட மறைகுறி ஒன்றே சேமிக்கப்படுகிறது. ஒரு குறி மாறினாலும் மறைகுறி முழுவதும் மாறிவிடும். 'ஏறத்தாழச் சரி' என்பதற்கு அங்கு இடமில்லை.

தடை நேர்ந்தால் ஆராயும் ஒழுங்கு

உள்நுழைவு தடைப்பட்டால், பின்வரும் வரிசையில் ஆராய்வது நலம்.

1. திரையில் தோன்றும் செய்தியைச் சொல் பிசகாமல் குறித்துக்கொள்க. பெயர் ஏற்கப்படவில்லையா, கடவுச்சொல்லா, அடுத்து வரும் ஒருமுறை எண்ணா என்பதைப் பிரித்தறிக.

2. திரும்பத் திரும்ப முயலற்க. பல திட்டங்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கைப் பூட்டிவிடும்.

3. இயங்கும் விசைப்பலகை மொழியைக் காண்க. விண்டோஸ் முறையில் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஆங்கிலக் கடவுச்சொல்லாயின் பேரெழுத்துப் பூட்டையும் நோக்குக.

4. அருகில் பிறர் இல்லாதபோது, கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திச் சரிபார்க்க.

5. வேறிடத்திலிருந்து படியெடுத்து ஒட்டிய பெயராயின், அதனை நீக்கிக் கையால் தட்டச்சு செய்க. புலப்படாத இடைவெளியும் இணைப்புக்குறியும் ஒட்டிக்கொண்டு வருதல் உண்டு.

6. நாளையும் நேரத்தையும் சரிபார்க்க. கைப்பேசிச் செயலி உருவாக்கும் ஒருமுறை எண், பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கடிகாரம் பிசகினால் எண்ணும் பொருந்தாது. பழைய கணிப்பொறியில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்து நாள் தவறினால், பாதுகாப்பான தளங்களே திறக்க மறுக்கும்.

இவையனைத்தும் சரியாக இருந்தும் பெயர் பொருந்தாவிடில், சேமித்துள்ள பெயரின் குறிகளையே ஆராய வேண்டும். அப்பணி திட்டத்தை நடத்தும் அலுவலகத்தினுடையது, மனுதாரருடையது அன்று.

நிருவாகம் செய்ய வேண்டுவன

இச்சிக்கல்களுட் பல, திட்டத்தை வகுக்கும்போதே தவிர்க்கத்தக்கவை. பெயர்களையும் கடவுச்சொற்களையும் பதியும்போதும் ஒப்பிடும்போதும் ஒரே இயல்பாக்க முறையைக் கையாள வேண்டும். அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையும், யுனிகோடு எழுத்துகளை ஏற்கும் திட்டங்கள் கடவுச்சொல்லை இயல்பாக்கம் செய்யவும், நீளத்தைக் கணக்கிடுகையில் ஒவ்வொரு குறியையும் ஓர் எழுத்தாகக் கொள்ளவும் அறிவுறுத்துகிறது.

மறைகுறி முறையின் வரம்பையும் கருத வேண்டும். பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் என்னும் முறை முதல் 72 பைட்டுகளையே கணக்கில் கொள்ளும். ஆங்கிலத்தில் 72 எழுத்துகளுக்கு இடமளிக்கும் அது, தமிழில் 24 குறிகளுடன் நின்றுவிடும். நீண்ட தமிழ்ச் சொற்றொடரைக் கடவுச்சொல்லாக ஏற்கும் திட்டங்கள் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அனைத்தினும் தலையாயது, பெயரின் எழுத்துவடிவத்தை ஒருவரை அடையாளம் காணும் திறவுகோலாக வைக்காமையாகும். அதற்குப் பதிவெண் போதுமானது. பெயர் வேறுபட்டால் விண்ணப்பத்தைத் தானே தள்ளிவிடாமல், அலுவலர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

குறையீட்டு மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்ற உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு வழங்குகிறது. மலையடிவாரத்திலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகத்திற்கு வரும் தொழிலாளி, தம் பெயரைத் தம் எழுத்தில் சரியாக எழுதியும் திருப்பியனுப்பப்படுவாராயின், அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியின் வேறுபாட்டைத் தீர்க்கும் பொறுப்பு, அக்குறியைக் காணும் கருவியைக் கையில் வைத்துள்ளவர்களையே சாரும்.