பைத்தான் 2.7 வேண்டுமாம், கேட்பது யார்?

பழைய புராஜெக்ட் கைக்கு வந்தால் முதலில் ரீட்மியைத் திறப்பேன். 'முன்தேவைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும்: நோட் 10, பைத்தான் 2.7, ஜாவா 8. வாசிப்பேன், ஆனால் எதையும் உடனே இன்ஸ்டால் செய்ய மாட்டேன். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு நின்றுவிட்டது. மேக் ஓஎஸ் 12.3-இல் ஆப்பிள் அதைச் சிஸ்டத்தை விட்டே எடுத்துவிட்டது. அப்படியும் அதை எங்கிருந்தாவது தேடிப்பிடித்துப் போட்ட பிறகுதான் மறுவேலை என்று உட்கார்ந்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

சாஸ் பயன்படுத்தும் பழைய வெப் புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'என்பிஎம் இன்ஸ்டால்' அடித்ததும் டெர்மினலில் சரசரவென்று எரர் ஓடும். கண்ணில் படும் வரி, 'உன்னிடம் இருப்பது பைத்தான் 3, ஜிப் அதை ஏற்காது' என்பதுதான். பைத்தான்தான் சிக்கல் என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் செய்தால் 404 ஒன்று இருக்கும். விஷயமே அங்கேதான். நோட்-சாஸ் முதலில் தனக்கான ரெடிமேட் பைனரியை கிட்ஹப்பில் தேடுகிறது. 4.14 வெர்ஷனுக்கு நோட் 14 வரைதான் பைனரி உண்டு. மெஷினில் இருப்பதோ நோட் 16. கிடைக்கவில்லை என்றதும் சி++ சோர்ஸிலிருந்து தானே கம்பைல் செய்ய இறங்குகிறது. அதற்கு நோட்-ஜிப் வேண்டும். கூடவே வரும் நோட்-ஜிப் 3.8-க்கு பைத்தான் 2 வேண்டும்.

சரி, பைத்தான் 2.7-ஐப் போட்டே கொடுத்தாலும் வேலை முடியாது. நோட் 16-இன் வி8 ஹெடர்களுக்கு சி++14 தேவை. பழைய நோட்-சாஸ் கம்பைலரிடம் சி++11 என்றே சொல்லும். அங்கே போய் முட்டிக்கொள்ளும். என்விஎம் வைத்து நோட் 14-க்கு மாறினால் பைனரி தானாக இறங்கும், பைத்தான் பேச்சே எழாது. அதைவிட நல்லது, நோட்-சாஸைக் கழற்றிவிட்டு 'சாஸ்' என்ற பெயரிலேயே இருக்கும் டார்ட் சாஸ் பேக்கேஜுக்குப் போவது. நோட்-சாஸுக்கு அடிப்படையான லிப்சாஸ் கைவிடப்படுகிறது என்று 2020-லேயே அறிவித்துவிட்டார்கள். மாறும்போது ஸ்லாஷ் போட்டு வகுத்த இடங்களிலெல்லாம் எச்சரிக்கை கொட்டும்; பில்டு நிற்காது.

டீமில் யாராவது 'அண்ணா, பைத்தான் 2 எங்கே கிடைக்கும்?' என்று வந்தால், 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் நோட்-ஜிப்' அடிச்சுப் பாருப்பா என்பேன். எந்த பேக்கேஜ் வழியாக அது உள்ளே வந்தது என்று சங்கிலியாகக் காட்டிவிடும். பெரும்பாலும் பைத்தானுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றின் பெயர்தான் வரும்.

இதற்கு நேரெதிரான கூத்தும் உண்டு. பைத்தான் 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸை நீக்கிவிட்டார்கள். பைத்தான் 3-ஐ ஏற்கும் நோட்-ஜிப்களிலும் பழையவை அதைத் தேடிக் காணாமல் விழும். பைத்தானைப் பின்னுக்கு இழுக்க வேண்டாம்; செட்டப்டூல்ஸ் போட்டால் போதும்.

ஆண்ட்ராய்டு பக்கம் எஸ்டிகே மேனேஜர். 'டூல்ஸ்' ஃபோல்டரில் இருந்த பழைய ஸ்க்ரிப்ட் ஜாவா 11-இல் ஓடாது, அது நம்பியிருந்த எக்ஸ்எம்எல் பைண்ட் பகுதியை ஜாவா 11-இல் எடுத்துவிட்டார்கள். 'ஜாவா 8 போடு' என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பரவியது. அதை இன்றைக்கு அப்படியே கேட்டு ஜாவா 8 போட்டால், இப்போதைய கமாண்ட் லைன் டூல்ஸ் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61, உன்னால் 52 வரைதான் வாசிக்க முடியும்' என்று கையை விரிக்கும். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன்: 61 என்றால் 17, 52 என்றால் 8. எந்த டாக்குமென்டையும் புரட்டாமல் தேவை தெரிந்துவிடும்.

உண்மையாகவே பழசு தேவைப்படும் நேரமும் வரும். அப்போதும் சிஸ்டத்தில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். சென்ட்ஓஎஸ் 7-இல் 'பைத்தான்' என்ற பெயரை 3-க்குத் திருப்பிவிட்டால் யம் படுத்துவிடும், அதுவே பைத்தான் 2-இல் எழுதியது. அதே சென்ட்ஓஎஸ் 7-இல் நோட் 18-ஐப் போட்டால் ஜிலிப்சி 2.28 இல்லை என்று எரர் வரும். அங்கே இருப்பது 2.17. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஜிலிப்சியை ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவரிடம் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். டாக்கர் கன்டெய்னர் இருக்கிறது, பழசோ புதுசோ அதற்குள் கிடக்கட்டும்.

வெப்பேக் 4-ஐ நோட் 17-இல் ஓட்ட 'ஓப்பன்எஸ்எஸ்எல் லெகஸி புரொவைடர்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. வெப்பேக் 4 ஹாஷுக்கு எம்டி4 பயன்படுத்துகிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதை லெகஸி என்று ஒதுக்கிவிட்டது. அதற்கான ஒட்டு இது. இதை பேஷ்-ஆர்சியில் நிரந்தரமாக எழுதி வைப்பவர்கள் உண்டு. பிறகு வேறு புராஜெக்ட்டுக்காக நோட் 16-க்கு மாறினால், அந்த ஆப்ஷனுக்கு இங்கே அனுமதி இல்லை என்று நோட் கிளம்பவே மறுக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் அந்த புராஜெக்ட்டின் பில்டு ஸ்க்ரிப்ட்டுக்குள் மட்டும் வையுங்கள்.

நான் ரீட்மி எழுதும்போது வெர்ஷன் எண்ணோடு, எந்த பேக்கேஜுக்காக அது, எந்த மாதம் சோதித்தது என்றும் சேர்த்துவிடுகிறேன். நோட் வெர்ஷனை பேக்கேஜ் ஜேசானின் 'இன்ஜின்ஸ்' பகுதியிலும் போடுவேன். ஆனால் என்பிஎம் அதற்கு எச்சரிக்கை மட்டும்தான் தரும். 'இன்ஜின் ஸ்ட்ரிக்ட்' என்பதை என்பிஎம்-ஆர்சியில் ஆன் செய்தால்தான் இன்ஸ்டால் அங்கேயே நிற்கும்.