செல்ஃப் எடுக்கிறது, வண்டி எடுக்கவில்லை: பழைய காரில் டைமிங் பெல்ட் மாற்றுவது

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, இன்ஜின் மட்டும் பற்றுவதில்லை. பேட்டரி இறங்கும்வரை அடித்துப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை காதைக் கொடுங்கள். நல்ல இன்ஜின் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்குகிற திணறல் ஏற்ற இறக்கமாகக் கேட்கும். டைமிங் பெல்ட் போயிருந்தால் அந்தத் திணறல் இருக்காது. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். அப்படிக் கேட்டால் சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளுவதும் வேண்டாம்.

காரணம் இதுதான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று; இந்தக் கணக்கைக் காப்பது பெல்ட்டின் பற்கள். பெல்ட் அறுந்ததும் கேம் நின்றுவிடும், திறந்த வால்வு திறந்தபடியே நிற்கும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வைத் தொடாதபடி இடைவெளி உள்ள இன்ஜின்கள் உண்டு. மோதி வால்வை மடக்கிவிடும் இன்ஜின்களும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மோதும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பழைய மாருதி ஜென்: 993 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. இன்றும் ஊர்ப் பட்டறைகளில் கண்ணில் படும் வண்டி, கழற்றவும் எளிது.

பெல்ட்தானா என்று உறுதி செய்ய, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் சாக்கெட் மாட்டி, ஒருவர் கையால் மெதுவாகத் திருப்பட்டும். ராக்கர் அசையவில்லை என்றால் முடிவு தெரிந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதன் மூடியைக் கழற்றியும் பார்க்கலாம்: அதைச் சுற்றுவது கேம்தான், ஆகவே ரோட்டரும் நிற்கும். மேல் கவரை விலக்கி, பெல்ட் முழுசாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கீழே கிராங்க் பல்சக்கரத்தில் மட்டும் பற்கள் வழித்துப்போய், மேலே பெல்ட் புதுசு போலத் தொங்குவது உண்டு. கேம் சுற்றுகிறது, ஆனாலும் வண்டி பற்றவில்லை அல்லது கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது என்றால் பல் தாண்டியிருக்கலாம். அதை மார்க்கிங் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இனி கழற்றும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. பெல்ட் பக்கத்துச் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் தகட்டையும் கழற்றினால் கிராங்க் புல்லி கைக்கு எட்டும். ஏசி பெல்ட், ஆல்டர்நேட்டர் பெல்ட், பிறகு புல்லி. ஜென்னில் ஒரு வசதி: புல்லியைப் பிடித்திருப்பவை நடு போல்ட்டைச் சுற்றியுள்ள சிறிய போல்ட்டுகள். அவற்றை எடுத்தால் போதும், புல்லிக்காக நடு போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெளிக் கவரையும் எடுத்துவிட்டால் பெல்ட்டின் மிச்சம் தெரியும்.

இப்போதே புதுப் பெல்ட்டை எடுக்காதீர்கள். பழையது ஏன் போனது என்று முதலில் பாருங்கள். பெல்ட் சும்மா அறுவதில்லை. ஆயில் பட்டு ரப்பர் ஊறியிருந்தால் கேம் சீல் அல்லது கிராங்க் சீல் கசிகிறது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடியிருக்கிறது. டென்ஷனரை விரலால் சுற்றும்போது கரகரத்தால் பேரிங் போய்விட்டது. இவை ஒன்றுமில்லை, பற்களின் அடியில் வெடிப்பு மட்டும் என்றால் வயசு. 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லும் கம்பெனிகளே அதிகம்; ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் கெடும். என்னைக் கேட்டால் பெல்ட், டென்ஷனர், இரண்டு சீல் நான்கையும் சேர்த்தே மாற்றுவேன். கசியும் சீலுக்கு மேல் புதுப் பெல்ட் போடுவது காசைக் கரியாக்குவது. சென்னைக்காரர்கள் பழைய கதவு, கண்ணாடிக்குப் புதுப்பேட்டை போகலாம், பெல்ட்டுக்கு ஜி.பி. ரோட்டில் புதுசாகவே வாங்குங்கள். பழையதோடு வைத்துப் பற்களை எண்ணிக்கொள்ளுங்கள். பெல்ட்டை மடிக்கவோ உள்புறம் வெளியே வரும்படி திருப்பவோ கூடாது, உள்ளே நரம்பு முறியும்.

மார்க்கிங்தான் இந்த வேலையின் உயிர். அறுந்த நிலையில் கேமைத் தனியாகத் திருப்பினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜினில் இதற்கு வழி உண்டு: கிராங்கை அதன் குறியிலிருந்து கால் சுற்று பின்னால் தள்ளினால் நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும். அப்போது கேமைத் திருப்பி, பல்சக்கரத்தின் குறியை உள் கவரின் V குறிக்கு நேராக வைத்து, பிறகு கிராங்கை அதன் குறிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் இந்தக் கால்சுற்று உதவாது. ஏதோ ஒரு பிஸ்டன் மேலே நெருங்கியே நிற்கும். அங்கே டேப்பட் ஸ்க்ரூக்களைத் தளர்த்துவதே பாதுகாப்பு. ஜென்னிலும் அவற்றைத் தளர்த்திவிடுங்கள். வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிக்கொண்டே இருந்தால் பெல்ட்டின் இழுப்பு சரியாக உட்காராது.

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். முதலில் கிராங்கில் மாட்டி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்துக் கேமில் ஏற்றுங்கள். தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வர வேண்டும். டென்ஷனர் போல்ட் தளர்வாக இருக்க, ஸ்பிரிங்கே இழுத்துக்கொள்ளட்டும். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் இழுப்பு அதிகமாகி பேரிங் ஊளையிடும்.

இனி கையால், புல்லி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்து வலஞ்சுழியாக, கிராங்கை இரண்டு முழுச் சுற்று. அவசரம் வேண்டாம். எங்காவது கெட்டியாக இடித்தால் பலம் கொடுக்காமல் நிறுத்தி மார்க்கிங்கைப் பாருங்கள். இரண்டு சுற்று முடிந்து இரு குறிகளும் நேராக நின்றால் டென்ஷனரை மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். ஒரு பல் விலகியிருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டத்தான் வேண்டும். "ஓடினால் சரியாகிவிடும்" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, மூடும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் வால்வுகள் தப்பித்தன. ஒன்றிரண்டில் மட்டும் முள் எழவே இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு மடங்கியிருக்கும். ஹெட்டை இறக்கியாக வேண்டும், செலவும் பல மடங்காகும். கம்ப்ரஷன் சரி என்றால் கவர், புல்லி, மற்ற பெல்ட்டுகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். டைமிங் லைட் வைத்து இக்னிஷனைச் சரிபாருங்கள். கவர் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியாத மையில் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.