செய்யுள் நாடகம் பயிற்றும் முறை

செய்யுள் நாடகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் நடித்துவிடலாம் என இளையோர் எண்ணுகின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நானும் அவ்வாறே எண்ணியதுண்டு.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் பெரும்பாலும் ஆசிரியப்பாவால் ஆகியது. அடிக்கு நான்கு சீர் வருவது அப்பாவின் இயல்பு. ஆயின் பொருள் அடியோடு முடியாது, அடுத்த அடிக்கும் தொடரும். பிள்ளைகளோ அடியிறுதிதோறும் நின்றுவிடுவர், பொருள் சிதறிவிடும்.

வஞ்சக அமைச்சன் குடிலனாக நடித்த பதினைந்து வயது மாணவன் ஒருவன் பிழையின்றி ஒப்பித்தான். கேட்டிருந்தோர் நகைத்தனர்; அவன் கண் கலங்கினான். "நூலை மூடு, தம்பி. சீவக மன்னனிடம் நீ வேண்டுவது யாது? உன் சொல்லிலேயே கூறு" என்றேன். சற்றே சிந்தித்து, "அவர் என்னை ஐயுறாமல் நம்ப வேண்டும், அம்மா" என்றான். மீண்டும் பாடலைக் கூறியபோது பொருள் முடிந்த இடத்தில் நின்றான்; குரல் தாழ்ந்தது; இச்சகம் இனித்தது. ஓசையும் கெடவில்லை. நகைத்தோர் அமைதியாயினர்.

ஆதலின் முதலில் பொருள், அடுத்துச் சீர் பிரித்தல், பின்னர் மூச்சுவிடும் இடங்களைக் குறித்தல், இறுதியிலேயே மனப்பாடம். பெற்றோர்களே, இவ்விடுமுறையில் ஒரு களத்தையேனும் இம்முறையில் பிள்ளைகளைப் படிக்கச் செய்து கேளுங்கள்.