ஓரம் அரித்த எழுத்து

கேள்வி: ‘அவதார்’ படத்தின் தலைப்பு எழுத்து பழைய சுவடி எதிலிருந்தாவது எடுக்கப்பட்டதா?

பதில்: இல்லை. 2009-இல் வந்த அந்தப் படத்தின் தலைப்புக்கு அடிப்படை ‘பாப்பிரஸ்’ என்ற எழுத்துரு. அமெரிக்க வடிவமைப்பாளர் கிறிஸ் காஸ்டெல்லோ 1982-இல், தம் 23-ஆம் வயதில் வரைந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாப்பிரஸ் தாளில் ஆங்கிலம் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் விதை. சொரசொரப்பான தாளில் பட்டைமுனைப் பேனாவால் ஆறு மாதம் எழுதிப் பார்த்தார். தாளின் மேடு பள்ளத்தில் மை தடுக்கியதால் வந்ததுதான் அந்த அரித்த ஓரம். மறு ஆண்டு லெட்ராசெட் நிறுவனம் அதை வெளியிட்டது. பிறகு கணினிகளோடு இலவசமாகவே வரத் தொடங்கி, யோகா பலகை முதல் சோப்பு உறை வரை பரவிவிட்டது. அழகான எழுத்துதான், அளவு மீறிய புழக்கமே அதன் அருமையைக் குறைத்தது என்பேன்.

ஒரு நுட்பம் கவனியுங்கள். கையெழுத்தில் ஒரே எழுத்து இரு முறை ஒன்றுபோல் சிதையாது. எழுத்துருவிலோ ஒவ்வொரு ‘ஏ’யும் அதே இடத்தில்தான் அரித்திருக்கும். அதனால் நீண்ட பத்திகளில் பழமை பொய்யாகத் தெரிந்துவிடும். தலைப்பாக, பெரிதாக, ஓரிரு சொற்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.